படம் பார்க்க ஒரு விளையாட்டுப் பெட்டி

சங்கத்து அன்பர்கள் பலர் சில மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். "பையன் பிளேஸ்டேஷன் வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். வீட்டிலிருந்த டி.வி.டி. பிளேயரும் பழுதாகிவிட்டது. அந்தப் பெட்டியிலேயே படமும் பார்க்கலாமாமே! ஒரே செலவில் இரண்டும் முடிந்துவிடுமா?" கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விளையாட்டு ஒரு சாக்குதான். அவர்களுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்வதைவிட, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப், பிரைம் வீடியோ பார்ப்பதற்காக மட்டும் கன்சோல் வாங்குவது, கீரை வாங்கச் சந்தைக்கு லாரியில் போவது போல. அந்த வேலையை இப்போதைய டி.வி.க்களே செய்கின்றன, பழைய டி.வி.யானால் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ஒரு ஸ்டிக்கைப் பின்னால் செருகினால் போதும். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் டி.வி.டி.க்களும் கல்யாண வீடியோக்களும் இருக்கின்றன என்றால், கன்சோல் வாங்குவதில் ஓர் அர்த்தம் உண்டு. அப்போதும் தகடு நுழையும் வாய் உள்ள கன்சோலாக இருக்க வேண்டும். இது இல்லாத பெட்டியைப் படத்துக்காக வாங்காதீர்கள்.

விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பது புதிய சங்கதி அல்ல. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2, ஜப்பானில் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தபோது, அதை டி.வி.டி. பிளேயராகக் கருதியே வாங்கியவர்கள் ஏராளம். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இல் ப்ளூ-ரே தகடு ஓடியது. அந்தச் சமயத்தில் ப்ளூ-ரேக்கும் தோஷிபாவின் ஹெச்.டி. டி.வி.டி.க்கும் கடும் போட்டி. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360க்குத் தோஷிபா வகைத் தகடு ஓட்டும் தனிக் கருவி ஒன்றை விற்றது. 2008 பிப்ரவரியில் தோஷிபா கையை விரித்தது. விளையாடுவதற்காக வாங்கிய பெட்டிகள் லட்சக்கணக்கான வீடுகளில் சத்தமில்லாமல் ப்ளூ-ரேயைக் கொண்டு சேர்த்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் தேதி வந்தது. தகட்டு வாய் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய் என்று அன்று விலை வைத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டும் அதற்கு முன்பே, 2020 நவம்பரில், 49,990க்கும் 34,990க்கும் வந்தன. எஸ் வகையில் தகட்டு வாய் கிடையாது. விலைகள் அதன்பின் மாறிவிட்டன, இன்னும் மாறும். ஆனால் அன்று பிளேஸ்டேஷனில் இருந்த 10,000 ரூபாய் வித்தியாசம் அந்தத் தகட்டு வாய்க்கான கூலி என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியின் உள்வேலை இரண்டிலும் ஒன்றேதான்.

பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5இல், தகட்டு வாய் இல்லாததை முதலில் வாங்கி, பின்னால் அதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தும்போது ஒரு தடவை இணையத் தொடர்பு வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, எல்லாவற்றிலும் விலை கூடியது. அதோடு தகட்டு வாய் வருவதில்லை! சீரீஸ் எக்ஸ் என்றால் தகடு போடலாம் என்றிருந்த வழக்கமும் 2024 அக்டோபரில், வாய் இல்லாத வெள்ளை நிற சீரீஸ் எக்ஸ் வந்ததோடு முடிந்தது. ஆகவே கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும், பெட்டியின் முன்பக்கத்தைக் கண்ணால் பாருங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்சைப் பற்றியும் ஓர் அம்மையார் கேட்டார். குழந்தைகள் விளையாட நல்ல கருவி. படத்துக்கு ஆகாது. அதில் டி.வி.டி.யும் ஓடாது, நெட்ஃப்ளிக்ஸும் கிடையாது.

"இந்தக் காலத்தில் யார் சார் தகடு போட்டுப் பார்க்கிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2007 வாக்கில், நம் நொய்டாவில் தொழிற்சாலை வைத்திருந்த மோசர் பேயர் நிறுவனம், வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று படங்களை விற்கத் தொடங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி அனுப்பித்தான் தமிழ்ப் படத் தகடுகளை வரவழைத்தோம். அந்த விலையில் கிடைத்ததும் கறுப்பு வெள்ளைப் படங்கள் முதல் பலவற்றையும் வாங்கி அடுக்கினோம். அந்த நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. தகடுகள் மட்டும் நம் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் பல படங்கள் இன்று எந்தச் செயலியிலும் கண்ணில் படுவதில்லை. ஒரு செயலியில் இந்த மாதம் இருக்கும் படம், உரிம காலம் முடிந்தால் அடுத்த மாதம் காணாமல் போகிறது. எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை.

காசு கொடுத்து 'வாங்கிய' படத்துக்கும் இதே கதிதான். பிளேஸ்டேஷன் கடையில் திரைப்படங்களை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் சோனி 2021 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், ஸ்டுடியோகனால் நிறுவனத்தின் படங்களை முன்பு வாங்கியிருந்தவர்களின் பட்டியலிலிருந்தே அவை நீக்கப்பட்டன. மைக்ரோசாஃப்டும் 2025 ஜூலையில் படங்கள் விற்பதை நிறுத்திவிட்டது. அலமாரியில் இருக்கும் தகட்டை எவரும் வந்து எடுத்துக்கொண்டு போவதில்லை. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினால் நம்மோடு வீடு மாறும், அவ்வளவுதான்.

மொழி விஷயமும் இருக்கிறது. வெளியூர்த் தமிழர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 2022 மே மாதம் 'ஆர்.ஆர்.ஆர்.' படம் இணையத்தில் வந்தபோது, நெட்ஃப்ளிக்ஸில் இந்தி. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் ஜீ5இல். நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் இந்தியில்தான் பார்த்தது. பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, தியேட்டரிலும் தமிழ்ப் படத்தின் இந்தி டப்பிங் என்று வளரும் நம் பிள்ளைகள், வீட்டு டி.வி.யிலாவது தமிழைக் காதால் கேட்க வேண்டாமா? சன் நெக்ஸ்ட், ஆஹா தமிழ், ஜீ5, ஜியோஹாட்ஸ்டார் என்று உங்கள் வீட்டில் சந்தா கட்டுபவை எவையோ, அவை நீங்கள் வாங்கப்போகும் கன்சோலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேடிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். ஆண்ட்ராய்டு டி.வி.யில் ஒரு செயலி இருப்பதால் கன்சோலிலும் இருக்குமென்று சொல்ல முடியாது. அந்தக் கன்சோலை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டில் அரைமணி உட்கார்ந்து தேடினால் தெரிந்துவிடும்.

தனித் தகட்டு பிளேயர் வாங்கலாமே என்றால், அந்தக் கடை மூடப்பட்டுவருகிறது. ஓப்போ 2018இலும், சாம்சங் 2019இலும், எல்.ஜி. 2024இலும் ப்ளூ-ரே பிளேயர் தொழிலிலிருந்து விலகின. இந்த நிலையில், தகடு ஓட்டும் நல்ல கருவியாக எஞ்சியிருப்பவற்றில் கன்சோலும் ஒன்று. நான் கன்சோலைச் சிபாரிசு செய்வதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அடுத்தது, நம்மில் பலரைத் தடுக்கி விழவைக்கும் கல்: மண்டல எண். டி.வி.டி. உலகத்தில் இந்தியா 5ஆம் மண்டலம், ப்ளூ-ரேயில் 'சி'. துபாய் டி.வி.டி.க்கு 2, ப்ளூ-ரேக்கு 'பி'. சிங்கப்பூர் 3, 'ஏ'. அமெரிக்கா 1, 'ஏ'. துபாயிலிருக்கும் மைத்துனர் விலை மலிவென்று அங்கிருந்து ஒரு கன்சோல் கொண்டுவந்தால், விளையாட்டுகள் ஓடும். இங்கே வாங்கிய, மண்டலப் பூட்டு உள்ள படத் தகடு ஓடாது. தகட்டின் உறையில் பூமி உருண்டைப் படத்துக்குள் எண் போட்டிருக்கும். 'ஆல்' அல்லது '0' என்றிருந்தால் கவலையில்லை. 4கே ப்ளூ-ரே தகடுகளுக்கு மண்டலமே கிடையாது. ஆனால் தமிழ்ப் படங்கள் அந்த வடிவத்தில் அபூர்வம் என்பதால் அதனால் நமக்குப் பெரிய லாபமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அது பால் முறையில் பதிந்த டி.வி.டி.யை இயக்காது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பதிந்து கொடுத்த கல்யாண டி.வி.டி.க்கள் பெரும்பாலும் பால் முறைதான்.

வி.சி.டி.க்களைக் கன்சோலில் பார்க்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் பாட்டு சி.டி.யைக்கூடப் படிப்பதில்லை.

கல்யாண வீடியோ என்றதும் வேறொன்று சொல்ல வேண்டும். என் பார்வையில் சினிமாவைவிட இது முக்கியம். தொண்ணூறுகளில் வீடியோ கேசட்டில் எடுத்த கல்யாணங்கள், சீமந்தங்கள், காதுகுத்துகள், அறுபதாம் கல்யாணங்களை, பிற்பாடு ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து எழுதும் டி.வி.டி.யாக மாற்றி வைத்திருப்பீர்கள். அந்த வகைத் தகடு, கடையில் விற்கும் படத் தகடு போன்றதல்ல. அதில் விஷயம் ஒரு சாயப் பூச்சில் எழுதப்படுகிறது. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெடும். டில்லி மே மாதத்து வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே பரணில் பதினைந்து வருஷம் கிடந்த தகட்டின் கதி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் என் மாமனாரின் குரல் இருப்பது ஒரே ஒரு டி.வி.டி.யில். அவர் மைக்கைப் பிடித்து வந்தவர்களைச் சாப்பிட அழைக்கும் இருபது விநாடி. அதைப் பார்க்க எந்தக் கன்சோல் சிறந்தது என்று ஆராய்வதற்கு முன், அதைப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

வேலை சுலபம். மடிக்கணினிகளில் இப்போது டி.வி.டி. டிரைவ் வருவதில்லை, யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றை நேரு பிளேஸில் வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டில் 'வீடியோ_டிஎஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஓர் உறை இருக்கும். அதை அப்படியே கணினிக்கு நகல் எடுத்தால் போதும். வீட்டு வீடியோக்களுக்குப் பூட்டு இருக்காது. வி.சி.டி.யானால் 'எம்பெக்ஏவி' என்ற உறைக்குள் 'டாட்' என்று முடியும் கோப்பு இருக்கும். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் இரண்டையும் ஓட்டும். இவ்வகைத் தகடு ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். 50 தகடுகள் நிறைய நிறைய இருந்தாலும் 235 ஜிகாபைட்தான். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் கால்வாசிகூட நிரம்பாது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஊரில் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்துவையுங்கள்.

இந்தக் கோப்புகளை டி.வி.யில் பார்ப்பதில்தான் கன்சோலின் இரண்டாவது பயன் இருக்கிறது. வீட்டுக் கணினி ஒன்றில் பிளெக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால், அது படங்களை அட்டவணை போட்டுத் தயாராக வைத்திருக்கும். கன்சோலில் பிளெக்ஸ் செயலியைத் திறந்தால் அவை வரிசையாகத் தெரியும். இதற்கு வெளி இணையமே பெரிதாக வேண்டியதில்லை. படம் உங்கள் வீட்டு வைஃபையிலேயே கணினியிலிருந்து டி.வி.க்கு ஓடுகிறது. முடிந்தால் கன்சோலுக்கு வைஃபைக்குப் பதில் ஒரு லேன் கம்பி இழுத்துவிடுங்கள், படம் நின்று நின்று வராது. வீட்டுக்குள் பார்ப்பது இலவசம். ஊரிலிருக்கும் பெற்றோர் உங்கள் கணினியிலிருக்கும் வீடியோவை அங்கிருந்தபடி பார்க்க வேண்டுமென்றால், 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பிளெக்ஸுக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

இரண்டு கன்சோல்களில் எது? பிளேஸ்டேஷன் 3, 4இல் வீட்டுக் கணினியிலுள்ள படங்களை நேரே எடுத்துக் காட்டும் வசதி இருந்தது. 5இல் அதைத் தரவில்லை. பிளெக்ஸ் போன்ற செயலியை நம்ப வேண்டும். எக்ஸ்பாக்ஸில் வி.எல்.சி.யும் கோடியும் கிடைக்கின்றன (கோடி என்பது மென்பொருளின் பெயர், பணமல்ல). ஹார்ட் டிஸ்க்கை நேரே செருகிப் பார்க்க வி.எல்.சி. போதும். டால்பி விஷன் என்ற வண்ண முறை எக்ஸ்பாக்ஸில் இணையப் படங்களுக்கு உண்டு, பிளேஸ்டேஷனில் இல்லை. ஒரு சங்கடம், எக்ஸ்பாக்ஸில் தகடு பார்க்க முதலில் ப்ளூ-ரே செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே இணைய இணைப்பு வருவதற்கு முன் புது வீட்டில் படம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். படம் ஒன்றே நோக்கமானால் தகட்டு வாய் உள்ள சீரீஸ் எக்ஸுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் பையனுடைய நண்பர்கள் அனைவரும் பிளேஸ்டேஷன் வைத்திருந்தால் உங்கள் ஓட்டும் என் ஓட்டும் செல்லாது. அதுவும் குறைந்ததல்ல, டி.வி.டி.யையும் ப்ளூ-ரேயையும் நன்றாகவே ஓட்டும்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. விளையாட்டுக் கைப்பிடியில் பதினைந்து பொத்தான்கள். மடியில் வைத்தபடி புடவையைச் சரிசெய்தாலே ஏதாவது ஒன்று அமுங்கி, படம் பத்து நிமிஷம் முன்னால் ஓடிவிடும். என் மாமியார் அதைத் தொடவே மறுத்துவிட்டார். "இது என்ன, நண்டு மாதிரி இருக்கு" என்றார். எனவே விலையோடு ஒரு ரிமோட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிளேஸ்டேஷன் 5க்கு சோனியின் மீடியா ரிமோட் இருக்கிறது. சாதாரண ரிமோட்டின் கதிரை வாங்கும் கண் அந்தப் பெட்டியில் இல்லாததால் தெருக்கடை ரிமோட் பயன்படாது. சீரீஸ் எக்ஸில் அந்தக் கண் உண்டு.

மின்சாரம்: படம் ஓடும்போது கன்சோல் 50 வாட்டை ஒட்டி இழுக்கும், ஸ்டிக் அதில் பத்தில் ஒரு பங்கு. தினமும் நாலு மணி நேரம் பார்த்தால் கன்சோலுக்கு மாதம் 6 யூனிட். பெரிய தொகையல்ல, ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும். எக்ஸ்பாக்ஸில் அணைக்கும் முறை இரண்டு உண்டு: 'தூக்கம்', 'முழு நிறுத்தம்'. அமைப்புகளில் போய் இரண்டாவதை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் பாதி விழித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. பெட்டி ஒன்றுதான், டி.வி.யும் ஒன்றுதான். சாயங்காலம் எட்டு மணிக்குப் பாட்டி படம் பார்க்க உட்காரும்போது, பேரன் இணையத்தில் நாலு பேரோடு ஆடிக்கொண்டிருப்பான். அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது என்பான், அது உண்மையும்கூட. நேரத்தைப் பங்கு பிரிக்காமல் இதை வாங்கினால், படத்துக்காக வாங்கிய பெட்டியால் படம் பார்ப்பதே குறையும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பழைய டி.வி.யைப் பெரியவர் அறைக்கு மாற்றி அதில் ஒரு ஸ்டிக்கைச் செருகிவிட்டார்கள். கன்சோல் கூடத்தில், தகடு போடும் நாள் ஞாயிறு.

வாங்கக் கிளம்பும்போது வீட்டிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று கடையில் வாங்கிய தமிழ்ப் பட டி.வி.டி., இன்னொன்று ஸ்டுடியோவில் எழுதித் தந்த வீட்டு விசேஷ டி.வி.டி. (பிரதி எடுத்துவைத்த பிறகு). காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியில் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையும் உண்டு. அப்படியானால், ஓடாவிட்டால் மாற்றித் தருவோம் என்று பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.